கண்ணின் வடிகால் திசுவும் மயோசிலின் மரபணுவும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தமிழ்க் குடும்பங்களில் ‘கண் பிரஷர்’ என்றும் ‘குளுக்கோமா’ என்றும் வழங்கும் நோய்க்குத் தமிழ் மருத்துவ நூல்கள் இட்டிருக்கும் பெயர் கண் அழுத்த நோய் என்பதாகும். இப்பெயர் நோயின் ஒரு பாதியை மட்டுமே சொல்கிறது. அழுத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும், இரத்த அழுத்தத்திற்கு ஏற்கெனவே மாத்திரை உண்டுவரும் பெரியவர்கள் பலர் அதுவும் இதுவும் ஒன்றே என்றும், ஒன்றைக் கட்டுப்படுத்தினால் மற்றொன்றும் அடங்கிவிடும் என்றும் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில் இரத்த நாளங்களின் அழுத்தம் வேறு, கண்ணுக்குள் ஊறும் தெளிநீரின் அழுத்தம் வேறு. பின்னது கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நீர் மிகையாக ஊறுவது அன்று, ஊறிய நீர் வெளியேறும் வழி அடைபடுவதே ஆகும். அந்த வழியைக் காத்துநிற்கும் உயிரணுக்களை மயோசிலின் என்னும் ஒரு மரபணு எவ்வாறு பாதிக்கிறது என்பதும், அவ்வறிவு ஜொகூரில் வாழும் ஒரு குடும்பத்திற்கு எவ்வகையில் பயன்படும் என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

கருவிழிக்கும், கண்ணுக்கு நிறம் தரும் வட்டத் திரையான கதிராளிக்கும் இடையிலுள்ள சிறு அறையைத் தெளிந்த நீர் ஒன்று நிரப்பி நிற்கிறது. இரத்த நாளங்கள் இல்லாத கருவிழிக்கும் கண்வில்லைக்கும் உணவு கொண்டுசெல்வது இந்நீரே ஆகும். கதிராளிக்குப் பின்னாலுள்ள சிலியரி உடலம் என்னும் திசு நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வீதம் இதனைச் சுரக்கிறது. அது கண்மணியின் வழியே முன்னறைக்கு வந்து, கருவிழியும் கதிராளியும் கூடும் கோணத்தில் அமைந்த ஒரு சல்லடைத் திசுவின் ஊடாகக் கசிந்து, 1830ஆம் ஆண்டில் ஜெர்மானிய உடற்கூற்றியலார் ஃபிரீட்ரிஷ் ஷ்லெம் விவரித்த வட்டக் கால்வாயில் சேர்ந்து, அங்கிருந்து சிரைகளில் கலந்துவிடுகிறது. சுரப்பும் வடிதலும் ஒத்திருக்கும்வரை கண்ணின் அழுத்தம் பொதுவாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டருக்குள் நிற்கும். வடிதல் தடைப்பட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தைத் தாக்கி, நரம்பிழைகளை ஒவ்வொன்றாக அழிக்கும். பார்வையின் ஓரங்கள் முதலில் மங்குவதாலும், ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் ஈடுசெய்துவிடுவதாலும், நோயாளி இழப்பை உணரும்போது காலம் கடந்திருக்கும். இழந்த நரம்பிழை மீண்டும் வளர்வதில்லை.

சல்லடைத் திசு என்ற சொல்லைக் கேட்டு, அதைக் கம்பி வலையைப் போன்ற உயிரற்ற பொருளாகக் கருதிவிடக் கூடாது. கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தாலான மெல்லிய கீற்றுகளை உயிரணுக்கள் போர்த்தியிருக்க, அவ்வுயிரணுக்களே அத்திசுவை நாள்தோறும் பேணி வருகின்றன. நீரோடு வரும் நிறமித் துகள்களையும் செத்த அணுக்களின் சிதைவுகளையும் அவை விழுங்கிச் செரித்து வழியைத் தூய்மையாக வைக்கின்றன. தம்மைச் சூழ்ந்துள்ள புரதப் பசையைத் தேவைக்கேற்பக் கரைத்தும் புதுப்பித்தும் வருகின்றன. தசையணுவைப் போலச் சுருங்கியும் தளர்ந்தும் இடைவெளிகளின் அகலத்தை மாற்றுகின்றன. வயது ஏற ஏற இவற்றின் எண்ணிக்கை எல்லாருக்கும் குறைகிறது. திறந்த கோணக் கண் அழுத்த நோயில், அதாவது கோணம் பார்வைக்குத் திறந்தே இருந்தும் நீர் வடியாத வகையில், அக்குறைவு இயல்பான வயதின் அளவையும் மிஞ்சி நிற்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் கண்டனர். திசுவின் கடைசி அடுக்கில், ஷ்லெம் கால்வாயின் சுவருக்கு அருகில்தான் தடை மிகுதி. பேணுவாரற்ற வடிகால் எவ்வாறு தூர்ந்துபோகும் என்பது மழைக்காலத்து ஜொகூரில் வாழ்வோர்க்கு விளக்க வேண்டிய செய்தி அன்று.

இந்த உயிரணுக்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்விக்கு முதல் உறுதியான விடை மரபியலிலிருந்து வந்தது. இளம் பருவத்திலேயே நோய் தோன்றித் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் குழு, 1993ஆம் ஆண்டில் நோய்க்காரணம் முதலாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருப்பதாக வரையறுத்தது. 1997ஆம் ஆண்டில் அயோவாப் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஸ்டோனும் அவருடைய கூட்டாளிகளும் அவ்விடத்திலுள்ள குறிப்பிட்ட மரபணுவை இனங்கண்டு அறிவித்தனர். அதற்கு முன்பே, சல்லடைத் திசுவின் உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்த்து அவற்றின்மீது ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்திய கலிஃபோர்னிய ஆய்வாளர்கள், அவை ஒரு புரதத்தை மிகப் பெரிய அளவில் உற்பத்தி செய்வதைக் கண்டிருந்தனர். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் விழித்திரையில் கண்டெடுத்து மயோசிலின் என்று பெயரிட்ட புரதமும் இதுவேயாகும். மூன்று வெவ்வேறு வாயில்களில் நுழைந்தவர்கள் ஒரே அறையில் சந்தித்தனர் எனலாம்.

மயோசிலின் புரதம் 504 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சங்கிலியாகும். அமினோ அமிலங்கள் என்பவை புரதத்தின் மணிகள். எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பதை மரபணுவின் எழுத்துகள் கட்டளையிடுகின்றன. இம்மரபணுவின் கட்டளை மூன்று பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. நோய் விளைவிக்கும் பிறழ்வுகளில் மிகப் பெரும்பாலானவை மூன்றாம் பகுதியிலேயே காணப்படுகின்றன. அப்பகுதி உருவாக்கும் புரதத்துண்டு, ஐந்து இதழ்களைக் கொண்ட விசிறியைப் போல மடிந்திருப்பதை அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் படிக ஆய்வால் காட்டினர். ஒரு மணி மாறினாலும் சில இடங்களில் விசிறியின் மடிப்பே குலைந்துவிடும். நோயின் கடுமை எந்த மணி மாறியது என்பதைப் பொறுத்தது. சங்கிலியின் 370ஆம் இடத்திலும் 437ஆம் இடத்திலும் நேரும் சில மாற்றங்கள் இளமையிலேயே மிக உயர்ந்த அழுத்தத்தை உண்டாக்குகின்றன. ஐரோப்பிய வழியினரிடம் அதிகம் காணப்படும் 368ஆம் இடத்துப் பிறழ்வோ சங்கிலியை நடுவில் அறுத்துவிட்டாலும் நோயை வயது முதிர்ந்த பிறகே வெளிப்படுத்துகிறது.

பிறழ்ந்த மரபணு நோயைத் தருகிறது என்றவுடன், நல்ல புரதம் இல்லாமையே தீங்குக்குக் காரணம் என்று நினைப்பது இயல்பு. இன்சுலின் இல்லாமையால் வரும் நீரிழிவைப் போல இதுவும் ஒரு பற்றாக்குறை நோய் என்றே தொடக்கத்தில் ஐயுற இடமிருந்தது. ஆனால் சான்றுகள் அதற்கு நேர்மாறாகத் திரண்டன. குரோமோசோமின் ஒரு துண்டு இழந்துபோனதால் மயோசிலின் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றே இல்லாத பெண் ஒருவருக்குக் கண் அழுத்த நோய் இல்லை என்று 2001ஆம் ஆண்டில் பதிவாயிற்று. ஹாங்காங்கில் நடந்த ஆய்வொன்றில், புரதம் தொடக்கத்திலேயே அறுந்துபோகும் 46ஆம் இடத்துப் பிறழ்வை இரு பிரதிகளிலும் பெற்றிருந்த முதியவர் ஒருவர் நோயின்றியே வாழ்ந்திருந்தார். மரபணுவை முற்றாக நீக்கிய எலிகளின் கண்களும் இயல்பாகவே இருந்தன. அதாவது, மயோசிலின் இல்லாமலேயே கண் நன்றாக இயங்குகிறது. இருந்தும் கெட்டிருப்பதே கேடு. இந்த ஒரு முடிவு, நோயைப் பற்றிய சிந்தனையைத் தலைகீழாகத் திருப்பியது என்று சொல்வது மிகையாகாது. இல்லாத புரதத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை. இருக்கும் தீயதை அடக்கவோ அகற்றவோ வேண்டும்.

கியூபெக்கில் வாழும் பிரெஞ்சு வழிக் கனடியக் குடும்பமொன்றில் 1998ஆம் ஆண்டில் கண்ட செய்தி இன்னும் வியப்பூட்டுவது. 423ஆம் இடத்துப் பிறழ்வை ஒரு பிரதியில் மட்டும் பெற்றவர்கள் நோயுற்றிருக்க, இரு பிரதிகளிலும் பெற்றவர்களோ நோயற்றிருந்தனர். மயோசிலின் மூலக்கூறுகள் தனித்து நிற்பவை அல்ல, ஒன்றோடொன்று இணைந்து செயல்படுபவை என்பதால், நல்லதும் கெட்டதும் கலந்த இணைப்பே வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறது என்று இதற்கு விளக்கம் தரப்பட்டது. எல்லாப் பிறழ்வுகளுக்கும் இவ்விதி பொருந்துவதில்லை. எனினும் நோய் புரதத்தின் குறைவில் இல்லை, அதன் நடத்தையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மனிதக் குடும்பங்களில் கிடைத்ததில்லை.

அந்த நடத்தை உயிரணுவுக்குள் எங்கே நிகழ்கிறது என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். உயிரணு வெளியே அனுப்பவிருக்கும் புரதங்களை எண்டோபிளாச வலை என்னும் உள்ளறைத் தொகுதியில் மடித்துச் சரிபார்த்தே அனுப்புகிறது. மடிப்பு சரியாக இல்லாத புரதத்தைத் துணைப்புரதங்கள் பிடித்துவைத்துத் திருத்த முயல்கின்றன. திருந்தாததைச் சிதைக்க அனுப்புகின்றன. இயல்பான மயோசிலின் இச்சோதனையில் தேறி வெளியேறி முன்னறை நீரில் கலக்கிறது. பிறழ்ந்த மயோசிலினோ தேறுவதும் இல்லை, எளிதில் சிதைவதும் இல்லை. அது அந்த அறைகளிலேயே திரண்டு தேங்குகிறது. தேக்கம் நீடித்தால் உயிரணு அபாய நிலையை உணர்ந்து மற்றப் புரதங்களின் உற்பத்தியையும் குறைக்கிறது. அப்போதும் தேக்கம் தீராவிடில், தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் கட்டளையைப் பிறப்பிக்கிறது. வடிகாலைக் காத்த உயிரணு, தன் உள்வடிகால் அடைபட்டு மடிகிறது.

ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களை 37 பாகை செல்சியசுக்குப் பதிலாக 30 பாகையில் வைத்தபோது, பிறழ்ந்த மயோசிலின்களில் சில ஓரளவு சரியாக மடிந்து வெளியேறின என்பதும், உயிரணுக்களின் நலம் மீண்டது என்பதும் இவ்வரலாற்றில் மிக முக்கியமானவை. கண்ணைக் குளிர்வித்து யாருக்கும் மருத்துவம் செய்ய முடியாது என்பது உண்மையே. ஆயினும் மடிப்புக்கு உதவினால் உயிரணு பிழைக்கும் என்ற கொள்கை அதனால் நிலைபெற்றது. அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதரின் 437ஆம் இடத்துப் பிறழ்வைச் சுமக்கும் எலிகளை உருவாக்கி, அவற்றின் கண்ணழுத்தம் உயர்வதையும் நரம்பிழைகள் அழிவதையும் உறுதிசெய்தபின், யூரியா சுழற்சிக் குறைபாட்டுக்கு ஏற்கெனவே பயன்பட்டு வந்த ஃபீனைல்பியூட்டிரேட் என்னும் மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுத்து அழுத்தத்தைக் குறைத்ததை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மடிப்புக்குத் துணைநிற்கும் வேதிப்பொருளாக அது செயல்பட்டது. 2017ஆம் ஆண்டில், மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையைக் கொண்டு எலிகளின் சல்லடைத் திசுவில் மயோசிலின் மரபணுவையே செயலிழக்கச் செய்தனர்; அழுத்தம் தணிந்தது. மயோசிலின் இன்றியும் கண் இயங்கும் என்று குடும்பங்கள் முன்பே காட்டியிராவிட்டால், இத்தகைய வெட்டுதலை எண்ணிப் பார்க்கவும் ஒருவரும் துணிந்திருக்க மாட்டார்கள். இவை இன்னும் மனித மருத்துவமாகவில்லை.

இம்மரபணுவின் பங்கை மிகைப்படுத்துவதும் தவறாகும். முதிய வயதில் வரும் திறந்த கோண நோயில், ஐந்து வெவ்வேறு மக்கட் குழுக்களைச் சேர்ந்த 1,703 நோயாளிகளை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, மயோசிலின் பிறழ்வு குழுவுக்கு ஏற்ப 2.6 முதல் 4.3 விழுக்காட்டினரிடமே இருப்பதாகக் கண்டது. இளம் வயதினரின் நோயில் இப்பங்கு பன்மடங்கு உயர்கிறது. தமிழகத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மரபியல் ஆய்வாளர்களும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலும் பிறழ்வு சிறு விழுக்காட்டினரிடமே காணப்பட்டது. ஹைதராபாத்து எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையினர் 2005ஆம் ஆண்டில், 48ஆம் இடத்து மாற்றம் ஒன்று இந்திய நோயாளிகளிடம் மீண்டும் மீண்டும் தென்படுவதைச் சுட்டினர். அது ஐரோப்பியரிடம் பெயர்பெற்ற பிறழ்வுகளைப் போல மூன்றாம் பகுதியில் அமையாமல், மரபணுவின் முதற்பகுதியில் அமைந்தது. ஆகவே ஐரோப்பியப் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழ் வழியினரின் மரபணுவில் தேடுவது போதாது; முழு மரபணுவையும் படிக்க வேண்டும் என்பதே இவ்வாய்வுகள் தரும் படிப்பினை. எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருந்தும் இம்மரபணு இவ்வளவு கவனம் பெறுவதற்குக் காரணம், சல்லடை உயிரணு எவ்வாறு மடிகிறது என்பதை வேறெந்தக் காரணியும் இத்துணைத் தெளிவாகக் காட்டவில்லை என்பதே.

ஸ்டீராய்டின் கதை இங்கு மீண்டும் வருகிறது. டெக்ஸாமெத்தசோன் போன்ற மருந்துகள் சல்லடை உயிரணுக்களின் உட்சட்டத்தை இறுக்கி, அவற்றைச் சூழ்ந்த புரதப் பசையைப் பெருக்கி, துகள்களை விழுங்கும் ஆற்றலைக் குறைக்கின்றன. மயோசிலினின் உற்பத்தி பெருகுவது அவற்றின் விளைவுகளில் ஒன்றாகும். இயல்பான மயோசிலின் பெருகுவதனாலேயே அழுத்தம் ஏறுவதில்லை என்று எலி ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆயினும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை வாரக்கணக்கில் இட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அழுத்தம் ஓரளவு உயர்கிறது, சிறு பகுதியினருக்கு மிகவும் உயர்கிறது என்பது 1960களிலிருந்தே அறியப்பட்ட செய்தி. கண் அழுத்த நோயாளிகளுக்கும் அவர்களின் நெருங்கிய உறவினருக்கும் இவ்வாபத்து மேலும் அதிகம். கண் அரிப்புக்கு ஒருமுறை எழுதித் தந்த சொட்டு மருந்தையே பல மாதங்களுக்கு நீட்டிப்பதும், மூட்டு வலிக்கென்று விற்கப்படும் பொடிகளையும் உருண்டைகளையும் உள்ளடக்கம் அறியாமல் உண்பதும் மலேசியாவில் அரிதான பழக்கங்கள் அல்ல. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதை மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. வலி உடனே பறந்துவிடுகிறது என்று புகழப்படும் மருந்தே ஐயத்திற்கு முதலில் உரியது.

இந்நோயின் பரப்பை மதிப்பிட ஜொகூருக்கு இருபுறமும் சான்றுகள் கிடைக்கின்றன. பாலத்திற்கு அப்பால் சிங்கப்பூரில், 40 வயதைக் கடந்த மலாய்க்காரர்களிடம் நடந்த ஆய்வு 3.4 விழுக்காட்டினரிடமும், இந்தியரிடம் நடந்த ஆய்வு ஏறத்தாழ 2 விழுக்காட்டினரிடமும் கண் அழுத்த நோய் இருப்பதாகக் காட்டியது. தமிழகத்தில் அரவிந்த் மருத்துவமனை நடத்திய கிராமப்புற ஆய்வில் 2.6 விழுக்காடு என்ற அளவு கிடைத்தது. நோயுற்றிருந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. சென்னை சங்கர நேத்ராலயாவினரின் ஆய்வு, திறந்த கோண நோய் கிராமத்தில் 1.62 விழுக்காடாகவும் நகரத்தில் 3.51 விழுக்காடாகவும் இருப்பதைப் பதிவுசெய்தது. மலேசியாவில் 50 வயதைக் கடந்தோரிடம் 2014ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட இரண்டாவது தேசியக் கண் ஆய்வு, பார்வையின்மைக்குக் கண்புரையும் நீரிழிவு விழித்திரை நோயும் முதலிரு காரணங்களாக நிற்க, கண் அழுத்த நோய் 6.6 விழுக்காடு பங்கு வகிப்பதாகக் கூறியது. கண்புரையால் இழந்த பார்வையை அறுவையால் மீட்கலாம். கண் அழுத்த நோயால் இழந்ததை மீட்க வழியில்லை என்பதால், இச்சிறு விழுக்காட்டின் எடை அதன் எண்ணிக்கையைவிடப் பெரிது.

மயோசிலின் பிறழ்வு ஓங்கு மரபாகக் கடத்தப்படுவது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்துசேரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் திருமணங்களால் மறைந்திருக்கும் மரபுக் குறைகள் வெளிப்படும் என்ற அச்சம் பிறவிக் கண் அழுத்த நோய்க்கு, குறிப்பாக இரு பிரதிகளும் கெட்டாலே நோய் தரும் சிஒய்பி1பி1 என்ற மரபணுவுக்குப் பொருந்துமே தவிர, மயோசிலினுக்குப் பொருந்துவது குறைவு. இங்கு கேட்க வேண்டிய கேள்வி திருமண உறவைப் பற்றியதன்று. தாத்தாவுக்கோ சிற்றப்பாவுக்கோ இளமையிலேயே பார்வை போயிற்றா என்பதே. தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறைக்கு இதன் விடை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குளுவாங், சிகாமட், லாபிஸ், கோத்தா திங்கி வட்டாரங்களின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வரிசை வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள், யார் எப்போது கண் இழந்தார் என்பதை அறிந்திருந்தனர். பிள்ளைகள் ஜொகூர் பாருவின் அடுக்ககங்களுக்கும் மாசாய்க்கும் சிங்கப்பூர் வேலைகளுக்கும் பிரிந்துவிட்ட பிறகு, பெரியப்பாவின் கண் நோய் தம்பி மகனின் காதுக்கு எட்டாமலேயே போகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வு, நோயாளியின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்பது மடங்கு என்று 1998ஆம் ஆண்டில் கணித்தது. ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனையிலோ வேறெந்தக் கண் பிரிவிலோ ஒருவருக்கு இந்நோய் உறுதியாகும் நாளில், அவருடைய உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் கண்ணழுத்தம், பார்வை நரம்பு, பார்வைப் புலம் ஆகிய மூன்றையும் பரிசோதித்துக்கொள்வது, இன்றைய நிலையில் எந்த மரபணுச் சோதனையையும்விட மலிவானதும் பயன் மிக்கதும் ஆகும்.

இன்று கையிலுள்ள மருத்துவத்தில் பெரும்பகுதி சல்லடை உயிரணுவைச் சுற்றிப்போகும் வழிகளே. டிமோலால் சொட்டு நீர்ச் சுரப்பைக் குறைக்கிறது. லட்டானோபிராஸ்ட் பெரும்பாலும் வேறொரு பக்கவழியில் நீரை வெளியேற்றுகிறது. அறுவை, திசுவைத் துளைத்துப் புதுவழி திறக்கிறது. லேசர் ஒளி சல்லடையின் உயிரணுக்களையே தூண்டி வடிதலைக் கூட்டுகிறது. ஜப்பானில் 2014ஆம் ஆண்டில் ரிபாசுடிலும் அமெரிக்காவில் 2017ஆம் ஆண்டில் நெட்டார்சுடிலும் ஒப்புதல் பெற்றபோதுதான், அவ்வுயிரணுக்களின் இறுக்கத்தை நேரடியாகத் தளர்த்தும் சொட்டு மருந்து நோயாளியின் கைக்கு வந்தது. இவை எதுவும் தேங்கிய புரதத்தை அகற்றுவதில்லை என்றாலும், நரம்பிழைகள் அழியுமுன் தொடங்கினால் பார்வையைப் பல பத்தாண்டுகளுக்குக் காக்கக்கூடியவை. தொடங்கும் காலமே அனைத்தையும் தீர்மானிக்கிறது.

அக்காலத்தைக் குடும்ப ஆய்வு எவ்வளவு முன்னே தள்ளக்கூடும் என்பதற்கு மலேசியாவிலேயே சான்று உண்டு. இளம் பருவக் கண் அழுத்த நோய் தொடர்ந்துவந்த ஒரு பெரிய மலாய்க் குடும்பத்தின் 122 உறுப்பினர்களை நாட்டின் கண் மருத்துவர்கள் பரிசோதித்து, 2014ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மயோசிலின் சங்கிலியின் 480ஆம் இடத்தில் அஸ்பரஜின் என்ற மணிக்குப் பதிலாக லைசின் அமைந்திருந்தது. இதே மாற்றம் முன்பு பிரான்சிலும் நெதர்லாந்திலும் பெருங்குடும்பங்களில் காணப்பட்டதாகும். பரிசோதிக்கப்பட்டவர்களில் 32 பேருக்கு நோய் இருந்தது. அவர்களில் 21 பேர் முன்பே தெரிந்த நோயாளிகள். எஞ்சிய 11 பேர், உறவினரின் நோயை முன்னிட்டு அழைக்கப்பட்டுப் பரிசோதனைக்கு வந்தமர்ந்த அன்றுவரை, தம் கண்களில் குறையேதும் இருப்பதை அறியாதவர்கள்.